கரைகாவற் கையேட்டின் பதிவை நீக்குமாறு விடுத்த ஓலை

ஏரிகள் நிறைக, கரைகள் நிற்க. வெண்பாறை நாடாளும் நன்னெடுங்கோ மன்னரின் நீர்த்துறை அமைச்சனும் மண் சுமந்த குடியிற் பிறந்தவனுமாகிய எழினி, பேரறிவுத் தொகை மன்றத்துத் தலைவர் நக்கண்ணனார்க்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் மன்றமும் ஏடெழுதுவோரும் நலம் பெறுக.

ஏரிக்கரை வேலையாட்களின் தலைவர் கோடனார் கரை உடைப்பை அடைக்கும் முறை பற்றி இயற்றிய கையேட்டுக்குத் தொகையில் உள்ள பதிவு நிற்கலாமா, நீக்கலாமா எனக் கேட்டிருந்தீர். நான்கு முறை படித்தேன். அது நூலை விளக்கவில்லை. நூலுக்குக் கூவி ஆள் சேர்க்கிறது. இந்நூல்வழி கட்டிய கரை எதுவும் உடைந்ததில்லை என்கிறது. பதிவை எழுதியவள் கோடனார் மகள் வெண்ணி. இடுப்பொடிந்து ஆறு திங்களாய்ப் படுத்திருக்கும் தந்தை, தம் நூல் தொகையில் ஏறியதைக் கேட்டுக் கண்மூட வேண்டும் என்பது அவள் ஆசை.

தொகையின் வழக்கம் தாங்கள் அறிந்ததே: நூலாசிரியரின் சோற்றை உண்ணாத இருவர், எவரும் கேளாமலே அந்நூலைப் பற்றி எழுதியிருந்தால்தான் அதற்குத் தொகையில் ஏடு உண்டு. வெண்ணி காட்டிய சாட்சிகள் மூவரும் கரையாட்கள். கரைவேலையில் தலைவர் பானையில்தான் எல்லார்க்கும் கஞ்சி. ஆகவே அந்நூலைக் கைப்பட அறிந்தவர் அனைவரும் அவர் சோறு உண்டவரே. நானும் பன்னிரண்டு ஆண்டு உண்டவன். என் சொல்லும் செல்லாது. வேற்றூர் ஏரிகள் ஒன்பதுக்கு ஆள் விடுத்தேன். கோடனாரைத் தெரியும், நூலைத் தெரியாது என்றே விடை வந்தது.

பொய்வரியை மட்டும் எடுத்துப் பதிவைக் காக்கலாமோ என்று அவரிடமே சென்றேன். வெண்ணி படித்துக் காட்டினாள். மனிதர் கூரை மோட்டைப் பார்த்தபடி கேட்டு, “நடக்க முடியாதவனைப் பல்லக்குல ஏத்திட்டியே” என்று சிரித்தார். பிறகு, “இதே முறையில நான் கட்டின செங்குளம் உடைஞ்சுதே, பொண்ணே. ரெண்டு பேரை மண்ணுக்குள்ளேருந்து எடுத்தோமே. அதை ஏன் எழுதலை?” என்றார்.

புகழ்மொழியை எடுத்தால் எஞ்சுவது நூலின் பெயர் மட்டுமே. அதற்கும் சாட்சி இல்லை. தந்தை இருக்கும்வரை விட்டுவைக்குமாறு வெண்ணி வாசல்வரை வந்து வேண்டினாள். என் விருப்பமும் அதுவே. ஆனால் மழைக்கு இருபது நாள்களே உள்ளன. உடைந்ததில்லை என்னும் அவ்வரியை நம்பி ஒரு கரைத்தலைவன் உடைப்பில் ஆளை இறக்கினால், இறங்கியவன் வீடு திரும்பான். முடியாது என்றேன்.

“அப்போ வேற யாரும் அந்த ஏட்டைத் தொட வேணாம். நான் கோத்ததை நானே உருவுறேன்” என்றாள்.

ஆதலால், மன்னர் இசைவுடன், பதிவு நீக்கப்படுக. வெண்ணி முழுமதியன்று வருவாள், இருக்கை கொடுங்கள். ஏட்டை எவரும் உரக்கப் படிக்க வேண்டா. நீக்கற் குறிப்பில், செங்குளம் உடைந்ததையும் இருவர் மாண்டதையும் தம் வாயால் சொன்னவர் கரைத்தலைவர் கோடனார் என்று எழுதுக. அதற்கு வேறு சாட்சி கேளாதீர்.

மன்னர் முத்திரை இட்டது. இது ஆணை.