கைக்குட்டையில் கொண்டுவந்தது

ஜூன் 15, ஞாயிறு

கட்டடத்தைப் பார்க்கத்தான் போனேன். வேறெதற்கும் இல்லை.

சங்ககிரி தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே அவ்வளவு பெரிய மாதா கோயில். பிரெஞ்சுச் சாமியார்கள் கட்டியது. சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய தூண்கள். தொட்டால் குளிர்ந்தன. பிலோமினாவிடம் சொன்னேன். "நாமக்கல்காரிக்கு இங்க வந்தும் முட்டைதானா?" என்றாள். இருவரும் ஒரே பள்ளியில் பாடம் எடுக்கிறோம். இது அவள் ஊர். பாடற்குழுவோடு பாட மாடிக்குப் போய்விட்டாள்.

பூசையில் எல்லோரும் வரிசையாக எழுந்தார்கள். நானும் போனேன். சாமியார் உள்ளங்கையில் வெள்ளையாக, மெல்லிய வட்டம் ஒன்றை வைத்தார். கைக்குட்டையில் மடித்துப் பையில் போட்டேன். மூட்டுவலியால் எங்கும் போக முடியாத அம்மாவுக்கு. எந்தக் கோயிலில் எது கொடுத்தாலும் அப்படித்தான். யோசிக்கவே இல்லை.

வெளியே பிலோமினாவின் முகம் வெளுத்திருந்தது. "நீயும் நற்கருணை வாங்குனயா? ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்குத்தான்டி அது. ஆண்டவரோட உடம்பு. போச்சாது விடு. அங்கயே முழுங்கிட்டீல்ல?"

"ம்," என்றேன். பை தோளில் தொங்கியது.

ஏன் அப்படிச் சொன்னேன்? இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூன் 16

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கைக்குட்டையைத் தேடினேன். அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள்.

"உள்ள இருந்த பிரசாதமா? குளிச்சுட்டு, வெளக்குப் பத்தவெச்சு, வாயில போட்டுக்கிட்டேன் சாமி. உப்புமில்ல, சப்புமில்ல. உனக்கும் பாதி வெச்சிருக்கோணுமா?"

அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது.

ஜூன் 18

பள்ளியில் மதியம் பிலோமினா தன் சோற்றில் பாதியை என் தட்டில் போட்டாள். தின்றேன்.

ஜூன் 19

நான் மடித்ததை, சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார் பார்த்திருக்கிறார். பிலோமினா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: "'உங்கூட வந்த புள்ள கைக்குட்டையில கட்டீட்டுப் போச்சு'ங்கறாரு. பீடத்துக்கு முன்னால நின்னு சொல்லிட்டேன், அவ முழுங்குனத நானே பாத்தேனுங்கன்னு. நீ சொன்னா நான் பாத்த மாதிரிதான?"

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

அப்போதே சொல்லியிருப்பேன், மணி அடித்துவிட்டது — இல்லை. மணி அப்புறம்தான் அடித்தது. இந்த டைரியிலுமா பொய்?

ஜூன் 22, ஞாயிறு

நற்கருணைத் திருநாளாம் இன்று. வாசலிலேயே பிலோமினாவை நிறுத்திச் சொன்னேன். அம்மா தின்றது வரைக்கும்.

அவள் கேட்டாள்: "குளிச்சுட்டா தின்னாங்க?"

"ஆமா."

"அவங்கள ஒண்ணும் சொல்லாத. என்னைய எதுக்குடி பீடத்துக்கு முன்னால பொய் சொல்ல வெச்ச?"

"உபதேசியார்கிட்ட நானே சொல்றேன்," என்றேன்.

உபதேசியாரிடம் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். பிலோமினா மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "சாமியார்கிட்ட நான் சொல்லிக்கறனுங்க. பூசைக்கு மணி ஆச்சு," என்றார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்தபோது பக்கத்துப் பெண் எனக்கு வழி விட்டு நின்றாள். தலையை ஆட்டினேன். கைகள் மடியில் இருந்தன. மேலே பாட்டில் பிலோமினாவின் குரல் எது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். பாடினவர்கள் இறங்கினார்கள். அவள் கடைசியாக வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள்.

பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். அம்மா தின்றது என்னவென்று அவளிடமே சொன்னேன்.