இறந்த பிறகும் நீ எண்ணிய இலைகள்

முத்தண்ணே, என் செல்ல அண்ணே,

யாரிடமும் சொல்ல வாய் வராததை உனக்கு எழுதுகிறேன். நீ போன பிறகும் உன்னை நான் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நீதான் அதிகம் கிண்டல் செய்தாய். "மலை ஏறாத பொட்டிக்கு இலையில நோவு வந்தது எப்படித் தெரியும் லா?" என்றாய். அந்தப் பெட்டிக்காக நீதான் மலை ஏறினாய். ஒவ்வொரு மலையிலும் நூறு கொழுந்து பார்த்து, கொப்புள நோய் கண்டது எத்தனை என்று சீட்டில் எழுதித் தருவாய். மழை, வெயில் கணக்கோடு சேர்த்து அதை நான் தட்டுவேன். மருந்து அடிக்க வேண்டுமா, வேண்டாமா என்று பச்சை எழுத்தில் பதில் வரும். மேனேஜர் துரை அந்தக் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார்.

பன்னிரண்டாம் மலையில் கால் வழுக்கி நீ விழுந்த அன்று, உன் சட்டைப்பையில் ஈரச் சீட்டு இருந்தது. நூற்றுக்கு நாலு என்று எழுதியிருந்தாய்.

மூன்றாம் நாளே என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு யாருக்கும் அந்தப் பெட்டியை இயக்கத் தெரியாது. இனி எண்ணிக்கைச் சீட்டை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் பெருமாள் மாமா கொடுக்க வேண்டும் என்றார் துரை. உன்னைத் தோளில் சுமந்து இறக்கியவர் அவர்தானே, அவருக்குக் கால் எழவில்லை. மற்றவர்களும் அந்த மலை ஏற மறுத்துவிட்டார்கள். "பதினாறு முடியட்டும்மா. அதுவரைக்கும் முத்து அங்கதான் சுத்திக்கிட்டு இருப்பான்," என்றாள் மாரியாயி அக்கா.

பன்னிரண்டாம் மலைச் சீட்டு வரவில்லை. நான் உன் பெயரில் நாலு என்று தட்டினேன். மறுநாளும் நாலு. மருந்து வேண்டாம் என்றது கம்ப்யூட்டர்.

அவர்கள் பயத்துக்காக மட்டுமா செய்தேன்? இல்லை அண்ணே. வீட்டில் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆபீசில் மட்டும் நீ தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாய். சில காலைகளில் நான் தட்டும் முன்பே திரையில் நாலு தெரிந்த மாதிரி இருக்கும். பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அது நீதானா?

மழை விடவேயில்லை. பதினேழாம் நாள் கொழுந்தெடுக்க ஏறிய பெண்கள் கத்திக்கொண்டே இறங்கினார்கள். மலை முழுக்க வெள்ளைக் கொப்புளம். ஐயோ, ஒரு கூடை நல்ல கொழுந்துகூடத் தேறவில்லை.

துரை ஆபீசில் குதித்தார். "பாக்காமலே நம்பர் கொடுத்தது யாரு?"

மாமா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான் துரை," என்றார். "பயந்துகிட்டுப் போவல. மனசுக்குத் தோணுனதை எழுதிக் கொடுத்துட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை அண்ணே. மாமாவுக்கு வேலை போய்விட்டது; இந்த மாதக் கடைசியில் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை அவர் காலி பண்ண வேண்டுமாம். நேற்று அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் கொன்றுவிட்டது.

நாளைக் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், எல்லார் முன்னாலும் துரையிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். சொல்லிவிட்டு நானே பன்னிரண்டாம் மலை ஏறி நூறு கொழுந்து எண்ணுவேன். நீ இன்னும் அங்கே இருந்தால், என்னைப் பார்த்ததும் கிளம்பிவிடு அண்ணே. இனி உன்னை நான் கூப்பிட மாட்டேன்.

உன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்த தங்கச்சி,
சாந்தி