ஏழாம் தூணருகே ஒரு வளைவு

மார்ச் 3

இரண்டு வண்டிகளும் வந்து இறங்கின. இரண்டிலும் ஓட்ட ஆள் கிடையாது. ஒன்று தரையில் ஒட்டிய காந்தப் பட்டையின் மேலேயே போகும். குறுக்கே ஆள் வந்தால் நின்று காத்திருக்கும். மற்றதற்குப் பட்டை வேண்டாம். லேசரால் இடத்தைப் பார்த்து வழியைத் தானே முடிவு செய்யும். ஆள் வந்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். தொழிற்சாலைக்குள் சரக்கு நகர்த்தும் பிரிவு என் பொறுப்பு என்பதால், எது வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தம்பி சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் அடிபட்டுச் செத்த இடத்திலேயே எனக்கு இப்படி ஒரு பரீட்சை.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஆளே இல்லாத வண்டி இடிச்சா யாரைத் திட்டுறது?"

அவளுக்குத் திட்ட ஓர் ஆள் இருக்கிறான். காலையில் அவனைத் திட்டாமல் பல் விளக்கமாட்டாள்.

மார்ச் 5

தெருவில் எவனோ ஹாரன் அடித்தான். கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. போன வருஷத்திலிருந்து இப்படித்தான்.

மார்ச் 6

லேசர் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். ஆட்களை உரசாமல் வளைந்து வளைந்து போனது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு ஏழாம் தூண் பக்கம் திரும்பியது. தம்பி விழுந்த இடம். புதுப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, அடையாளம் ஒன்றுமில்லை. ஆனாலும் பெருக்குகிறவரிலிருந்து மேலாளர்வரை எல்லாருக்கும் அங்கே கால் தானாக ஒதுங்கும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வண்டிக்கு என்ன தெரியும்? நேராக ஏறிப் போனது. வெறும் தரை. வெறும் தரைதானே? — கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9

பட்டை வண்டியின் முறை. நானே குறுக்கே போய் நின்றேன். நின்றது. நகரத் தோன்றவில்லை எனக்கு. "மேடம், போதும்" என்று வண்டி விற்க வந்தவர் கூப்பிட்ட பிறகுதான் விலகினேன்.

அன்றைக்கு அந்த ஃபோர்க்லிஃப்டும் இப்படி நின்றிருக்கக்கூடாதா?

அதை ஓட்டியவன் தம்பியின் கூட்டாளி. மூலைக்கு மூலை ஹாரன் அடிப்பான், அதனால் பெயரே ஹாரன். அன்றும் அடித்தானாம். தகடு அடிக்கும் பிரஸ் ஓடிய சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லை. யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். என்னால் முடிக்க முடியவில்லை. இப்போது அவனுக்குப் பராமரிப்புப் பிரிவில் வேலை. என்னைக் கண்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான். அவன் முகத்தில் முழிக்கக்கூடாது என்று நானும் சுற்றிக்கொண்டு போவேன்.

மார்ச் 12

பட்டை வண்டி என்று எழுதிக் கொடுத்தேன். அது எந்த வழியாக வரும் என்பது தரையைப் பார்த்தாலே தெரியும், அதுதான் காரணம். பட்டை பிய்யும், வழி மாற்றினால் மறுபடி ஒட்ட வேண்டும் என்று மேலாளர் முகத்தைச் சுளித்தார். நியாயம்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் பாதைப் படம் போட்டதும் நான்தானே. ஏழாம் தூண் பக்கம் வளைத்துப் போட என்ன காரணம் எழுதுவேன்? என் தம்பி அங்கே கிடக்கிறான் என்றா? நேராகவே போட்டுக் கொடுத்துவிட்டேன். பாவி, நானே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 18

இன்று பட்டை ஒட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகவில்லை.

மார்ச் 20

வண்டி விற்றவர் வந்து கூப்பிட்டார். படத்தில் நேராக இருக்கிறது, தரையில் வளைந்திருக்கிறதே என்றார். போய்ப் பார்த்தேன். ஏழாம் தூண் வந்ததும் பட்டை ஒதுங்கி, அந்த இடத்தைச் சுற்றிப் போய், மறுபடி நேராகியிருந்தது.

ஒட்டியவன் ஹாரன். பட்டைச் சுருளோடு சுவரோரம் நின்றான்.

"பிச்சுட்டு நேரா ஒட்டிடறேன்க்கா. கை அப்படியே போயிடுச்சு."

ஒரு வருஷமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வேணாம்டா. இருக்கட்டும்."

படத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

ஏப்ரல் 2

வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. தூண் வந்ததும் ஒதுங்கிப் போகிறது.

எப்படி ஓடுகிறது என்று அம்மா கேட்டாள். தம்பி விழுந்த இடத்தில் ஏறாமல் ஒதுங்கிப் போகிறது என்றேன். யார் அப்படிச் செய்தது என்றாள்.

ஹாரன் என்றேன்.

காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. மடித்து வைத்த துணியை எடுத்து, உதறி, மறுபடி மடித்தாள்.