மஞ்சள் பூசாத பன்னெண்டு நாள்

10-2-97, திங்கள்
காலைல பனி. துணி காயல.

எழுதவே வெக்கமா இருக்குது. குளிக்கறப்ப வயித்து மடிப்புக்குள்ள நேத்தைய பஸ் டிக்கெட். நேத்து செக்கர் ஏறினப்ப பை, முந்தானை எல்லாம் உதறிப் பாத்தேன். இடுப்புல சொருகினது உள்ள போய் ஒளிஞ்சுட்டிருக்குது.

இந்த வயித்துக்குத்தான் வியாழக்கிழமை ஆபரேஷன். குடலிறக்கம். தைக்கறப்பவே தொங்கற தோலையும் வெட்டிருவாங்களாம். வெட்டின தோல் சாந்தாமணிக்கு. நான் கண்ணாடிச் சாமான் கழுவற காலேஜ் லேப்ல பி.எச்.டி. பண்றவ. கோபிக்காரப் புள்ள. இருபத்தேழு வயசு. சிரிக்கறதுல மட்டும் கஞ்சம்.

11-2, செவ்வாய்
கழுவினது: குடுவை 14, குழாய் ஒரு கூடை. உடைச்சது: 1 (சொல்லல).

தோல் தரச் சம்மதம்னு கையெழுத்து வாங்கினா. ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா.

"ஏங் கண்ணு, எந்தோலை வெச்சு என்ன பண்ணுவ? மேளம் கட்டுவியா?"

"அக்கா, சும்மா இருங்க."

அப்புறம் சொன்னா. தோல் வெறும் போர்வை இல்லையாம். தலைக்குப் பூசற சாயம் உள்ள எறங்கறப்பவே புடிச்சு வேற ஒண்ணா மாத்திருமாம். ஈரல் பெரிய மில்லுன்னா தோல் ஊட்டுத் தறி. கொஞ்சமா நெய்யும், ஆனா நெய்யும். (மில்லு, தறியெல்லாம் என்னுது. அவ சொன்ன பேரு வாயில நுழையல.)

கிண்ணத்துலயும் தோல் வளர்த்தறா. வெங்காயச் சருகு மாதிரி. கீழ சத்துத் தண்ணி, மேல காத்து. நாள் விட்டு நாள் ஊட்டறா. அதுவும் நெசத் தோல் மாதிரியே சாயத்தை மாத்துதுன்னு காட்டணும். காட்டினா இனி முயல் முதுகைச் செரைச்சு மருந்து தடவற வேலை கொறையுமாம். முயலுக்கு நல்ல காலம்.

நெசத் தோல் மூணு பேருது வேணும். ரெண்டு ஆச்சு. மூணாவது நான். 28-ம் தேதியோட லேப்ல அவ எடம் முடியுது. அதுக்குள்ள ஆவலைன்னா நாலு வருச வேலை தொங்கல்ல.

ஒரு வாரமா சோப்பு, பவுடர், கிரீம் எதும் கூடாதுன்னிருக்கா. தொடல. சொன்ன சொல் மாறாதவ நான்.

12-2, புதன்
வெயில். ஆஸ்பத்திரியில சேந்தாச்சு. கொண்டாந்தது: சீலை 2, டம்ளர், வெத்தலை (ஒளிச்சு).

சாயங்காலம் சாந்தாமணி வந்து வயித்தைப் பாத்தா.

"அக்கா, இது என்னங்க மஞ்சளா?"

"மஞ்சளேதான் கண்ணு. காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சு, வழுவழுன்னு ஒரைச்சுப் பூசிட்டு வந்தேன். தானம் குடுக்கறதை மொட்டையாவா குடுக்கறது?"

"எதும் பூசாதீங்கன்னேனே!"

"சோப்பு, பவுடர், கிரீம்னுதான சொன்ன? மஞ்சளை யாரு அதுல சேத்துனா அம்மணி?"

கட்டில்ல உக்காந்துட்டா. "தோலுக்கு மஞ்சளும் வெளிச் சாமான்தாங்க அக்கா. அதை மாத்தற வேலையில எறங்கிருக்கும். சாயத்தை என்ன பண்ணுதுன்னு நான் எப்படிப் பாக்கறது?"

 சீலைத் தலைப்பை நனைச்சு வயித்தை அழுத்தித் தொடைச்சேன். மஞ்சள் போகல.

13-2, வியாழன்
லேப் சார்கிட்ட கேட்டாளாம். பத்துப் பன்னெண்டு நாள் வெறும் தண்ணியில குளிச்சாச் சரியாப் போகுமாம்.

டாக்டர்கிட்ட நானே போனேன். "ஊர்ல மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிட்டாங்க சார். இப்பக் கத்தி படக்கூடாதுங்க."

"இதை முன்னாலயே சொல்றதுக்கென்னம்மா?" 24-ம் தேதின்னு எழுதிக் குடுத்துட்டார். கோயமுத்தூர் டாக்டர், இந்த மாதிரிச் சாமி சாக்கெல்லாம் கேட்டுப் பழகினவர்.

சாமி பேர்ல பொய். மன்னிச்சிருவா.

16-2, ஞாயிறு
மஞ்சளில்லாம நாலாம் நாள். மூஞ்சி வெந்த கெழங்காட்ட இருக்குது. எங்கூட்டுக்காரர் கதவைத் தொறந்து, "யாருங்க வேணும்?"ங்கறார். இருபத்தெட்டு வருசத்துல அவர் சொன்ன மொத நக்கல்.

பக்கத்தூட்டுச் சரசு மெதுவா வந்து கையைப் புடிச்சா. "ஏனுங்கக்கா, மூஞ்சி வெறுமனே இருக்குது... எப்பங்க ஆச்சு?" எம் பின்னாடியே அவர் காப்பி குடிச்சுட்டு நின்னார். சரசு ஒரே ஓட்டம்.

20-2, வியாழன்
ஊறல். சொறியவும் கூடாதாம். சாந்தாமணி தெனமும் வயித்தைப் பாத்துட்டுப் போறா, மாடு வாங்க வந்தவ மாதிரி. "பல்லையும் பாத்துக்க கண்ணு"ன்னேன். சிரிப்பு வந்துச்சு, முழுங்கிட்டா.

24-2, திங்கள்
ஆச்சு. மயக்கம் தெளிஞ்சதும் நான் கேட்டது, "எந்தோல் போய்ச் சேந்துச்சா?" நர்சம்மா சிரிக்கறா. சாந்தாமணி தியேட்டர் வாசல்லயே ஐஸ் பெட்டியோட நின்னு வாங்கிட்டு மொபெட்டுல பறந்துட்டாளாம். உசுரோட இருக்கற தோல்தான் வேலை செய்யும். லேட்டாச்சுன்னா அதுவும் கையை விரிச்சுரும்.

25-2, செவ்வாய்
வலி. கஞ்சி. தோல் அங்க என்ன பண்ணுதோ. மானத்தை வாங்காம இருந்தாச் செரி.

27-2, வியாழன்
நல்ல வெயில். பத்து மணிக்குச் சாந்தாமணி. கையில காயிதம் சுத்தின, உள்ளங்கை அகல வெள்ளைத் தகடு. சாயம் என்னவா மாறுச்சோ அது அதுல புள்ளியாத் தெரியுமாம். நீல வெளக்குல பாத்து, பென்சில்ல வட்டம் போட்டிருக்கா. மூணு வட்டம் மனுசத் தோலுக்கு. நாலாவது கிண்ணத்துத் தோலுக்கு. நாலும் ஒரே மட்டம். நூல் புடிச்ச மாதிரி. மட்டம் ஒண்ணுன்னா சாயம் மாறினதும் ஒண்ணாத்தானாம்.

"சார் கையெழுத்துப் போட்டுட்டாருங்க அக்கா. முடிஞ்சுதுங்க!"

"எதுடி என்னுது?"

"இதுங்க. இருக்கறதுலயே பெருசு."

"பின்ன? தின்னு வளர்த்தது கண்ணு."

சிரிச்சா பாரு. வார்டே எந்திரிச்சு உக்காந்துச்சு. சிரிச்சுட்டே எம்மேல உழுந்து கட்டிப் புடிச்சுட்டா.

ரெண்டு தையல் விட்டுப்போச்சு. டாக்டர் வந்து மறுபடி போட்டார். சோறு வர ரெண்டு மணி ஆச்சு. ரசம்.