ஐப்பசி நீரோட்டம்

கரை இல்லாத இடத்தில் உறங்கும் என் தம்பி தவசிக்கு,

ரங்கூனிலிருந்து நீ ஏறிய கப்பல் ஆனியில் வந்து சேர்ந்தது. காய்ச்சலில் இறந்த உன்னை வழியிலேயே கடலில் இறக்கிவிட்டதாக, உன் பெட்டியைக் கொண்டுவந்தவர் சொன்னார். இதோ, புரட்டாசி வந்துவிட்டது.

கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய உன்னை அரிசி ஆலை வேலைக்கு அங்கே அனுப்பியவர் பெரியப்பா. அவரே உசிலம்பட்டிச் சந்தையில் பத்துப் பேர் முன்னால் சொன்னார்: "உடம்பே இல்லாதவனுக்கு என்னப்பா காரியம்? வைகையில ஒரு முங்கு முங்கிட்டு வேலையப் பாரு." அதன்பிறகு அவர் வாசலை நான் மிதிக்கவில்லை. மிதிக்கப்போவதும் இல்லை.

அம்மா நம் ஊர் எழுமலையை விட்டு மதுரைக்கு என்னோடு வந்துவிட்டாள். கடலையே பார்த்திராதவளுக்குத் தினமும் ஒரே பேச்சு: "அலை எதையும் வச்சுக்கிறாதாம்ல, கரையில கொண்டாந்து போட்டுருமாம். என்னையக் கூட்டிட்டுப் போடா."

பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன்.

"அலை வாரதுன்னா தண்ணி வாரது இல்லம்மா. காத்து தள்ளத் தள்ள தண்ணி ஏறி எறங்குது, அம்புட்டுத்தான். காத்தடிச்சா நம்ம சோளக்காடே ஓடுற மாதிரி இருக்கும்ல? எந்தத் தட்டையாச்சும் வரப்பத் தாண்டுதா?"

அம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப கடல்ல ஒண்ணுமே எடம் மாறாதா?"

"மாறும். நீரோட்டம்னு இருக்கு, கடலுக்குள்ள ஓடுற ஆறு மாதிரி. மாசக்கணக்கா ஒரே பக்கம் வீசுற காத்து அதை இழுத்துட்டுப் போகும். ஆனியில மேக்க இருந்து அடிக்கிற மேகாத்து, ஓட்டம் வடக்க போகும். ஐப்பசியில வாடை திரும்புனா நம்ம கரைய ஒட்டித் தெக்க வரும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பெரிய வாத்தியாரு."

தவசி, அந்த ஓட்டம் நேர்கோட்டில் போவதில்லை. பூமி சுழல்வதால் ஒரு பக்கமாக ஒதுங்கும், நடுக்கடலிலேயே வட்டமிடும். நீ எந்தச் சுழியில் இருக்கிறாய்? எந்த ஆழத்தில்? வாடை இன்னும் எழும்பவில்லை. ஆனாலும் தினமும் கிழக்கே பார்க்கிறேன். யானைமலைதான் தெரிகிறது.

ஐப்பசி அமாவாசைக்கு அம்மாவைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகிறேன். பெரியப்பா தானும் வருவதாக ஆள் விட்டிருக்கிறார். முடியாது என்றேன். "வரட்டும்டா, எள்ளு எறைக்க ஒரு கை கூட இருக்கட்டும்" என்கிறாள் அம்மா. வரட்டும். என்னோடு பேச வேண்டாம்.

நீ கரை சேரமாட்டாய் என்பதை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன். உன்னைத் தொட்ட நீர் ஒருவேளை அந்தப் பக்கம் வரலாம். அதில் அவளை நிற்கவைத்து, போதும் என்று அவளாகச் சொல்கிறவரை கையைப் பிடித்திருப்பேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
அண்ணன்