மதியத்துக்கு ஒரு நர்ஸ் போதும்

அக்கா,

புதுச் சீருடை வந்திருக்கிறது. உறையைக் கிழித்ததும் கஞ்சியும் சாயமும் கலந்த கடை வாசனை அடித்தது. வெளிர் நீலம். நர்ஸுக்கும் அதே நீலம், உதவியாளருக்கும் அதே நீலம், தரை துடைக்கிறவருக்கும் அதே நீலம். “வர்ற பேஷண்ட்டுக்கு எல்லாரும் சிஸ்டர்தாங்க. யாரு என்ன படிச்சிருக்காங்கன்னு கேக்கவா போறாங்க?” என்றார் மேனேஜர். உடனே உங்கள் நினைவு வந்தது. அதோடு கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சுரங்க டவுன்ஷிப்புக்குள் பெர்மனென்ட் ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியே வடக்குத்துப் பக்கம் இருக்கும் நம் சின்ன ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். பெண்கள் வார்டுக்கு நீங்கள் இன்சார்ஜ். நான் சேர்ந்த வாரமே உங்களோடு சண்டை பிடித்தேன். சண்டை முடிந்ததும் உங்கள் டிபன் பாக்ஸிலேயே கை வைத்தேன். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் உங்கள் கொண்டை கலையாது. அதையும் கிண்டல் செய்வேன். “ஆமாண்டி, உன்னாட்டம் தலைய விரிச்சிக்கினு வரச் சொல்றியா?” என்பீர்கள்.

ஷிப்ட் மாறும்போது எல்லா இடத்திலும் பேப்பரைப் பார்த்துப் பொறுப்பை ஒப்படைப்பார்கள். நம் வார்டில் நர்ஸ் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளியின் உள்ளங்காலைத் தொட வேண்டும். அது நீங்கள் வைத்த சட்டம். ஆபரேஷன் ஆனவர்களுக்கு உள்ளே ரத்தம் கசிந்தால் முதலில் கால்தான் சில்லிடும். “மிஷினு நிதானமாத்தான் சொல்லும். காலு அதுக்கு முன்னயே சொல்லிக்கினு இருக்கும்” என்பீர்கள். உதவியாளர்கள் குளிப்பாட்டுவார்கள், கஞ்சி ஊட்டுவார்கள், புரட்டிப் படுக்க வைப்பார்கள். நாங்கள் ஊசி போடுவோம், காலைத் தொடுவோம், டாக்டரைக் கூப்பிடுவோம். யார் வேலை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்றார் மேனேஜர். மதிய ஷிப்ட்டில் ஒரு நர்ஸைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் உதவியாளர்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டும். எது என்பதை உங்களிடமே விட்டுவிட்டார். கழுத்தை அறுக்கிறவர்கள் எல்லாம் இவ்வளவு மரியாதை காட்டுவதில்லை.

நீங்கள் செல்வி முதலான உதவியாளர்களைக் காப்பாற்றினீர்கள். பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு இரண்டுக்கும் மதியம் ஒரே நர்ஸ் என்று ஆனது. மருந்து அறையில் நின்று நான் கத்தினேன். நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்:

“நமக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்டி. செல்வி எங்க போவா? வூட்டுக்காரன் போய்ச் சேந்துட்டான். புள்ளைங்கள வச்சிக்கினு அல்லாடுறா.”

“பாவம்தான்க்கா. அதுக்காக அவங்க நர்ஸ் ஆயிடுவாங்களா?”

“நான் இருக்கேன்ல? பாத்துக்கறேன், போ.”

பார்த்துக்கொண்டீர்கள். காலை ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், கூலி இல்லாமல், சாயங்காலம் வரை வார்டில் நின்றீர்கள். ஒரு நர்ஸே போதும் என்று மேனேஜருக்கு நிரூபித்துக் கொடுத்தது நீங்கள்தான். போதவில்லை, அக்கா. இன்னொரு நர்ஸ் ஓசியில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உங்களுக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தபோது நம் ஆஸ்பத்திரியிலேயே படுத்தீர்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மதியம் நான்தான் டியூட்டி. நீங்கள் கட்டிலில் இருந்ததால் ஓசி நர்ஸ் இல்லை. ஆண்கள் வார்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவரை விட்டு நான் நகர முடியவில்லை. உங்கள் பக்கத்தில் செல்வி இருந்தாள்.

பின்னால் செல்வி அழுதுகொண்டே சொன்னாள்: “காலு குளுருதுன்னாங்க. பேனை நிறுத்திட்டு, ரெண்டு போர்வைய போட்டு நல்லாப் போத்திவுட்டேன். மிஷின்ல பிரஷர் சரியாத்தான் இருந்துச்சி. ஸ்டாஃப் நர்ஸ வரச் சொல்லுன்னாங்க. அங்க நெஞ்சுவலி கேஸு அக்கா, முடிச்சிட்டு வந்துடுவாங்கன்னேன். சரி, முடிச்சிட்டே வரட்டும்னாங்க.”

நான் வந்து போர்வையை விலக்கிக் காலைத் தொட்டேன். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பாதி வழியிலேயே உங்கள் கண் நிலைகுத்திவிட்டது.

செல்வி மேல் எனக்குக் கோபம் இல்லை. குளிர்கிறது என்றவருக்குப் போர்த்திவிட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அன்புதான், அதைக் குறையில்லாமல் செய்தாள். அந்தக் குளிருக்கு அர்த்தம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். கத்தியிருக்க வேண்டாமா? கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? முடிச்சிட்டே வரட்டுமாம். சாகும்போதும் ஷிப்ட்டை ஓட்டிக்கொடுத்தீர்கள்.

மறுநாளே செல்வியை நிறுத்திவிட்டார்கள், உதவியாளரின் கவனக்குறைவாம். யாருக்காக ஒரு நர்ஸை விட்டுக்கொடுத்தீர்களோ, அவள்தான் முதலில் வெளியே போனாள். வரவேற்பறையில் உங்கள் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். மாலைக்கு மேனேஜர் கணக்குப் பார்க்கவில்லை.

இப்போது இன்சார்ஜ் நாற்காலி எனக்கு. புதிதாகக் குழந்தைகள் வார்டு திறக்கிறார்கள். மதியம் மூன்று வார்டுக்கும் ஒரே நர்ஸ் என்றார் மேனேஜர். “உங்க அக்காவே ஒத்துக்கிட்ட ஏற்பாடுதானே? ஒரு வார்டு கூடுது, அவ்ளோதான்.”

“அந்த ஏற்பாட்டுலதான் சார் அவங்க செத்தாங்க” என்றேன். மதியம் வார்டுக்கு ஒரு நர்ஸ் இல்லையென்றால் ஆபரேஷன் ஆன யாரையும் உள்ளே எடுக்க மாட்டேன், ஏன் என்று அவர்கள் வீட்டு ஆட்களிடம் நானே சொல்வேன் என்றேன். அவருக்கு வருமானமே ஆபரேஷனில்தான். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு சிரித்தார். “சரிங்க, வார்டுக்கு ஒருத்தர் போட்டுக்கலாம். அப்ப உதவியாளர்ல யார் யாரு வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க.”

உங்களிடம் நீட்டிய அதே கத்தி. நான் வாங்கிக்கொண்டேன்.

தெரியாமல் செய்யவில்லை. இனி கஞ்சி ஊட்ட ஆள் இல்லாமல் கிழவிகள் காத்திருப்பார்கள். புரட்டிவிட ஆள் இல்லாமல் முதுகில் புண் வரும். நர்ஸும் வேண்டும், உதவியாளரும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க ஆஸ்பத்திரியில் பணமும் இருக்கிறது, மனம்தான் இல்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும் என்று ஆனபோது, நீங்கள் கொடுத்ததை நான் திரும்ப வாங்கினேன்.

இன்று சாப்பாட்டு வேளையில், நிறுத்தப்போகும் உதவியாளர் பெண்களைக் கூப்பிட்டு நானே சொன்னேன். செல்வியோடு வேலைக்குச் சேர்ந்த மல்லிகா மட்டும் என்னை நேராகப் பார்த்தாள்.

“அக்கா இருந்திருந்தா எங்கள வுட்டிருக்க மாட்டாங்க.”

“ஆமா, வுட்டிருக்க மாட்டாங்க. அதனாலதான் இன்னைக்கி அவங்க இல்ல.”

சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். இனி எந்த வார்டுக்குப் போனாலும் அந்த முகம் என்னோடு வரும், வரட்டும். இதற்கு நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். நானும் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா. நாளை மதியம் பெண்கள் வார்டில் ஒரு நர்ஸ் இருப்பாள். யாராவது வரச் சொன்னால் உடனே வருவாள்.