சாயங்காலத்துக் கற்கள்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நீ பொறியாளர் ஆகி உனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தாலும் எனக்கு நீ வாலுதான்; கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். உன் மாமா கல்லு மாதிரி இருக்கிறார். ஐந்து ஆடுகள் சினையாக இருக்கின்றன. செல்போன் கோபுரத்தை ராணுவம் அணைத்துவிட்டதால் இனி தபால் வண்டிதான் நமக்குக் கதி. ஒரு பக்கமாவது எழுதக் கூடாதா? உன் கை என்ன தேய்ந்தா போய்விடும்?

மலையில் ஆயுதக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று அடிவாரத்தில் முகாம் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரமாக எங்கள் தலைக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. வேவு பார்க்கிறதாம். எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அது சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வருகிறது. இடது பக்கமாகவே சுற்றி, சுற்றைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஓடைக்கு மேலே அசையாமல் நிற்கிறது. ஆடு மிரளக் கூடாது என்று நான் யோசித்துச் சொல்ல, ஆடு தேடும் நம் ட்ரோனுக்கு நீ கம்ப்யூட்டரில் எழுதினாயே, அதே சுற்று! கறுப்பி ஆடு காணாமல் போன அன்று இப்படித்தானே அவளைக் கண்டுபிடித்தோம்? எவனோ நம் வித்தையைச் சுட்டுவிட்டான். உன் கம்பெனியில் காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கத்தானே அதை வைத்திருக்கிறீர்கள்? அங்கிருந்து எவன் எடுத்தான் என்று கொஞ்சம் விசாரி.

அரைகுறையாகத் திருடியிருந்தால்தான் வம்பு. வெயில் குடித்த கல், சாயங்காலத்தில் வெப்பம் பார்க்கும் கேமராவுக்கு உயிருள்ளது மாதிரியே தெரியும். ஒரு பாறையை ஆடென்று நம்பி மூச்சிரைக்க மலை ஏறினோமே, அந்தக் கூத்தை மறக்க முடியுமா? பொழுது சாய்ந்தபின் பறக்கவிடவே கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். இவர்களுக்கு அது தெரியுமோ என்னவோ.

நேற்று அண்ணாந்து பார்த்து அதற்குக் கையை வேறு ஆட்டிவிட்டேன். உன் மாமா திட்டித் தீர்த்துவிட்டார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

வேலை கழுத்தை நெரிக்கிறது, அதுதான் எழுதவில்லை. வேறு ஒன்றுமில்லை. அந்தச் சுற்றைப் பற்றிக் கவலைப்படாதே. அது நமக்கு மட்டும் சொந்தமா என்ன? இப்போது எல்லோரும் அப்படித்தான் பறக்கவிடுகிறார்கள். அது பார்க்க மட்டும்தான் செய்யும், கடிக்காது.

மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்: இடது காலை அப்படி இழுத்து இழுத்து நடந்துகொண்டு மேல் பட்டிவரை ஏறுவதெல்லாம் வேண்டாம். முட்டிக்குத் தைலமும், கட்டிக்கொள்ள நீல நிறத்தில் ஒரு பட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் இரண்டு பேரும் கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்களேன். அறை சின்னதுதான், சமாளித்துக்கொள்ளலாம்.

உன்,
வாலு


ஏப்ரல் 2

வாலு,

பார்சல் வந்தது. தம்பிக்கு மாமா மேல் எவ்வளவு கரிசனம் என்று பூரித்துப்போய்த் தைலத்தைத் திறந்தேன். மூடிவைத்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

அவர் ஓடையில் வழுக்கி விழுந்தது பிப்ரவரியில். உனக்குச் சொன்னால் பட்டணத்து டாக்டரிடம் இழுத்துப் போவாய் என்று எழுதவிடவில்லை. அதனால்தான் கல்லு மாதிரி இருக்கிறார் என்று எழுதினேன். ஒருவேளை அவரே எழுதினாரோ என்று கேட்டேன். "நான் எதுக்கு எழுதப்போறேன்? நம்ம கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டதோட பேனாவைக் கீழ வெச்சவன்" என்றார். அப்படியானால் இடது கால் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒரே வழிதான் இருக்கிறது. அது தினமும் எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது.

திருடனை விசாரி என்று திருடனிடமே சொல்லியிருக்கிறேன். நான் கையாட்டியதையும் பார்த்தாயா? பார்த்துவிட்டு என்ன செய்தாய், டீ குடிக்கப் போனாயா?

திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். இப்போது ஒன்றே ஒன்று. ஆடுகளை அடைத்துவிட்டு, பொழுது சாயும்போது உன் மாமா மேல் பட்டியின் கற்சுவரில் முட்டியைச் சாய்த்துக்கொண்டு உட்காருவார். அந்தச் சூடு வலிக்கு இதமாக இருக்கிறதாம். சுற்றிலும் வெயில் குடித்த கற்கள். மேலேயிருந்து பார்க்கிறவனுக்குப் பத்து இருபது பேர் பதுங்கியிருப்பதாகத்தான் தோன்றும். கல் விஷயத்தை முகாம்காரர்களிடம் சொல். சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுது. அதுவரை அவரை மேலே விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆடுகளை ஓட்டிப்போகிறார்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன். முதலில் காட்டுத்தீக்காகத்தான் செய்தோம், அது பொய்யில்லை. அப்புறம் சீருடைக்காரர்கள் வந்தார்கள், முதலாளி சரியென்றுவிட்டார். அந்தச் சுற்றுக்காகத்தான் எனக்குப் பதவி உயர்வே வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் படங்கள் என் மேஜைக்கு வரும். ஒரு நாள் பார்த்தால் நம் ஓடை. உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கல் விஷயத்தை அவர்களிடம் சொல்லிவிட்டேன் அக்கா. அதிகாரி உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். இனிமேல் சாயங்காலத்தில் பறக்கவிட மாட்டார்கள். மாமா தாராளமாக மேலே போகட்டும், அவரைப் போட்டு அடைத்துவைக்காதே. அம்மா மேல் ஆணை.

உன்,
வாலு


மே 6

பொறியாளர் அவர்களுக்கு,

வாலு என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டுக்குள்ளேயே கிடந்து சலித்துப்போயிருந்தார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். "அம்மா மேல ஆணை வெச்சிருக்கான். வாலு பொய் சொல்வானா?" என்று கேட்டார். நீ அனுப்பிய பட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது வந்தது. இடது பக்கமாகச் சுற்றியது, சுருக்கியது, மேல் பட்டிக்கு நேராக நின்றது. நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முகாமிலிருந்து குண்டு வந்து விழுந்தது. அந்த நீலப் பட்டையை வைத்துத்தான் அவரை அடையாளம் சொன்னேன்.

விசாரிக்க ஓர் இளம் அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கல்லைப் பற்றி என் தம்பி அத்தனை சொல்லியும் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் முழித்தார்.

"எந்தக் கல்லும்மா? எங்களுக்குப் பாடம் எடுத்ததே உங்க தம்பிதான். போன வாரம்கூட வந்திருந்தார். பகல்லயும் சாயங்காலத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யும்னுதான் சொன்னார்."

குறை இருக்கிறது என்று சொன்னால் பேர் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறாய். அவ்வளவுதானே? பயப்படு, எத்தனையோ பேர் பயப்படுகிறார்கள். அவர்களிடம் சொல்லவில்லை என்ற உண்மையை எனக்காவது எழுதியிருக்கலாமே. சண்டை போட்டாவது அவரை வீட்டுக்குள் வைத்திருப்பேன். அவர்களிடம் மறைத்தது உன் பிழைப்பு. என்னிடம் பொய் சொன்னாயே, அதுதான் அவரைக் கொன்றது.

கல் விஷயத்தை அந்த அதிகாரியிடம் நானே சொல்லிவிட்டேன். மேல் பட்டிக்கே கூட்டிப்போய், சாயங்காலத்தில் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்றிலிருந்து பகலில் மட்டும்தான் பறக்கவிடுகிறார்கள். நீ செய்யவேண்டிய வேலை அது. அதையும் நான்தான் செய்யவேண்டியிருந்தது.

ஆடுகள் குட்டி போட்டுவிட்டன. இப்போது நான்தான் மேலே ஓட்டிப்போகிறேன். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வருவாய் என்று தெரியும். வா, சுற்று, எவ்வளவு வேண்டுமானாலும் தாழ இறங்கி நில். என் முகத்தில் முழிக்காதே என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. நான் அண்ணாந்து பார்த்தால்தானே உனக்கு என் முகம் தெரியும்? இனி உச்சந்தலைதான்.

இப்படிக்கு,
மேல் பட்டி ஆட்டுக்காரி